தீர்ப்பும் ஊர்ப் பேச்சும்

ஒரு கொலை நடந்துவிட்டால் இரண்டு விசாரணைகள் தொடங்குகின்றன. ஒன்று நீதிமன்றத்தில் நடைபெறுவது. மற்றொன்று திண்ணையிலும், சிற்றுண்டிச்சாலையிலும், ரயில் பெட்டியிலும் நடைபெறுவது. முதல் விசாரணைக்கு விதிகள் உண்டு. சாட்சி சொல்பவர் சத்தியப் பிரமாணம் செய்தாக வேண்டும். குறுக்கு விசாரணைக்கு உட்பட வேண்டும். பிறர் சொல்லக் கேட்டதைத் தாம் கண்டதாகச் சொல்லலாகாது. இரண்டாவது விசாரணைக்கு இத்தகைய தளைகள் எவையும் இல்லை. அங்கே தீர்ப்பு விரைவில் வந்துவிடுகிறது, மேன்முறையீடும் கிடையாது.

மாட்டுங்காவில் வாழும் தமிழ் மக்களிடையே இந்த இரண்டாவது விசாரணை இன்னும் ஓயாத வழக்கு ஒன்று உண்டு. தமிழ்ப் படங்களுக்கென்றே பெயர் பெற்றிருந்த அரோரா திரையரங்கை நினைவுகூரும் முதியவர்கள் தியாகராஜ பாகவதரையும் கலைவாணர் கிருஷ்ணனையும் பற்றிப் பேசத் தொடங்கினால், பேச்சு எப்படியேனும் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் வந்து நிற்கும். "அவர்கள் செய்தார்களா, இல்லையா?" என்ற கேள்வி எழும். எண்பது ஆண்டுகள் கடந்தும் இக்கேள்விக்கு விடை கிடைத்தபாடில்லை. விடை கிடைக்காமைக்குக் காரணம், கேள்வியே சரியாக அமையாததுதான் என்பது நமது கருத்து. நீதிமன்றம் தன்னைத்தான் கேட்டுக்கொள்ளும் கேள்வி வேறு. அது இன்னதென அறிந்துகொள்வதற்கு இவ்வழக்கைக் காட்டிலும் நல்ல பாடம் தமிழ்நாட்டு வரலாற்றில் இல்லை எனலாம்.

வழக்கின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சென்னையில் லட்சுமிகாந்தன் என்னும் பத்திரிகாசிரியர் 'சினிமா தூது' என்ற ஏட்டை நடத்தி வந்தார். திரைப்படத் துறையினரின் அந்தரங்க வாழ்க்கையைப் பற்றிச் செய்தியும் வதந்தியும் கலந்து எழுதுவது அவ்வேட்டின் இயல்பு. மனம் புண்பட்ட கலைஞர்கள் அக்காலத்துக் கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் முறையிட்டனர். ஏட்டின் உரிமம் பறிக்கப்பட்டது. பின்னர் அவர் 'இந்து நேசன்' என்ற பத்திரிகையைக் கைக்கொண்டு, முன்போலவே எழுதலானார். 1944 நவம்பர் 8ஆம் நாள், வேப்பேரியில் தம் வழக்கறிஞரைக் கண்டுவிட்டுக் கைரிக்ஷாவில் திரும்புகையில், அவர் வழிமறித்துக் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் பொது மருத்துவமனையில் உயிர் நீத்தார்.

அவரை வெறுத்தவர்கள் பலர். அவ்வெறுப்புக்குக் காரணம் இருந்தவர்களும் பலர். டிசம்பர் மாதத்தில் பாகவதரும், கிருஷ்ணனும், கோவைப் படத் தயாரிப்பாளரான ஸ்ரீராமுலு நாயுடுவும், வேறு சிலரும் கைது செய்யப்பட்டனர். கலைஞர்கள் தம் கையால் குத்தினார்கள் என்று எவரும் குற்றஞ்சாட்டவில்லை. கொலைச் சதியில் அவர்களுக்குப் பங்குண்டு என்பதே அரசாங்கத் தரப்பின் வாதம்.

அப்போது தமிழகம் இருந்த நிலையை நேயர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்விரு கலைஞர்களும் நடித்த 'ஹரிதாஸ்' அவ்வாண்டுத் தீபாவளியன்றுதான் வெளிவந்திருந்தது. சென்னை பிராட்வே திரையரங்கில் அது மூன்று தீபாவளிகளைக் கண்டது. கதாநாயகர் சிறையில் இருக்க, அவருடைய குரலைக் கேட்க மக்கள் திரையரங்கில் திரண்டனர். ஆகவே ஒரு சாராருக்கு அவர் குற்றம் செய்திருக்கவே முடியாது. அத்தனை இனிமையாகப் பாடுகிறவர் கொலைக்கு உடன்படுவாரா என்றனர். மற்றொரு சாராருக்கு அவர் குற்றம் செய்துதான் இருக்க வேண்டும்; பணமும் புகழும் ஒருவரை எதற்கும் துணியச் செய்யும் என்றனர். இவ்விரு பேச்சிலும் சாட்சியம் என்பது அணுவளவும் இல்லை. ஒன்று அன்பைச் சாட்சியாகக் கொண்டது. மற்றொன்று பொறாமையைச் சாட்சியாகக் கொண்டது.

1945ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் செஷன்ஸ் விசாரணை, நீதிபதி மாக்கெட் முன்னிலையில் ஜூரியுடன் நடைபெற்றது. உயர்நீதிமன்ற ஜூரியில் ஒன்பது பேர் அமர்வர். அவர்களுள் அறுவர் ஒரே கருத்தினராக இருந்து, நீதிபதியும் அதற்கு இசைந்தால், அதுவே தீர்ப்பாகும். எஞ்சிய மூவரின் ஐயம் கணக்கில் சேராது. பம்பாயின் புகழ்பெற்ற வழக்கறிஞரான கே. எம். முன்ஷி ஸ்ரீராமுலு நாயுடுவுக்காக வாதாடினார், நாயுடு விடுவிக்கப்பட்டார். பாகவதரும் கிருஷ்ணனும் ஜூரியின் பெரும்பான்மைத் தீர்ப்பினால் குற்றவாளிகளாயினர். மே மாதத் தொடக்கத்தில் அவர்களுக்கு ஆயுட்காலத் தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டது.

இவ்விடத்தில் சற்று நின்று, தீர்ப்பு எதன்மேல் எழுந்தது என்பதைக் கவனித்தல் வேண்டும். சதி என்பது கண்ணால் காணத்தக்க செயலன்று. இருவர் பேசி உடன்பட்டால் சதி பிறந்துவிடுகிறது. அப்பேச்சைக் கேட்ட மூன்றாமவர் பெரும்பாலும் அச்சதியிலேயே பங்குகொண்டவராக இருப்பார். அத்தகைய ஒருவர் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டு, மன்னிப்புப் பெற்று, தம் கூட்டாளிகளுக்கு எதிராகச் சாட்சி சொல்ல முன்வந்தால் அவரை அப்ரூவர் என்கிறோம். இவ்வழக்கிலும் ஓர் அப்ரூவர் இருந்தார்.

அப்ரூவரின் சாட்சியத்தை நம்பலாமா? இந்தியச் சாட்சியச் சட்டம் 1872ஆம் ஆண்டிலேயே இதற்கு இரு விதமாக விடை கூறிற்று. கூட்டாளியின் சாட்சியத்தைக் கொண்டு தண்டித்தல் சட்ட விரோதமாகாது என்றது ஒரு பிரிவு. முக்கியமான விவரங்களில் வேறு சான்றின் துணை இருந்தாலன்றிக் கூட்டாளியின் சொல் நம்பத்தக்கதன்று என நீதிமன்றம் கருதலாம் என்றது மற்றொன்று. முன்னது கதவைத் திறக்கிறது. பின்னது வாயிலில் காவல் நிற்கிறது. காரணம் வெளிப்படை. தம் கழுத்தைக் காத்துக்கொள்வதற்காகப் பேசுகிறவர் பிறர் கழுத்தைப் பற்றிக் கவலை கொள்ளார். போலீசார் எவரை விரும்புகின்றனரோ அவரையே சுட்டிக்காட்டும் ஆசை அவருக்கு எழுதல் இயல்பு. அவர் கொலை நடந்த விதத்தை உள்ளபடி கூறலாம்; அது அவருக்குத் தெரியும். ஆனால் அதனோடு ஒரு பெயரைச் சேர்த்துவிட்டால், உண்மையின் நிழலில் பொய்யும் புகுந்துவிடும். எனவே கொலை நடந்தது என்பதற்குச் சான்று இருந்தால் போதாது; இன்னாரை அக்கொலையோடு இணைக்கும் தனிச் சான்று வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமும் வேறு சான்றின் துணை வேண்டும் என்பதை வெளிப்படையாகவே கூறுகிறது.

வழக்கு மேலே சென்றது. உயர்நீதிமன்றத்தின் செஷன்ஸ் தீர்ப்பை எதிர்த்து முறையாக மேன்முறையீடு செய்யும் வழியே 1943ஆம் ஆண்டில்தான் சட்டத் திருத்தத்தினால் ஏற்பட்டிருந்தது. வழி புதிது, அதன் எல்லைகள் இன்னும் தெளிவாகவில்லை. தலைமை நீதிபதி லயனல் லீச்சும் நீதிபதி லட்சுமண ராவும் 1945 அக்டோபரில் மேன்முறையீட்டைத் தள்ளுபடி செய்தனர். எஞ்சியிருந்தது லண்டனில் உள்ள பிரிவி கவுன்சில் ஒன்றே. அங்கே டி. என். பிரிட் என்னும் வழக்கறிஞர் வாதாடினார். மேன்முறையீட்டைச் சென்னை உயர்நீதிமன்றம் மீண்டும் கேட்டுத் தீர்க்க வேண்டும் என்று பிரிவி கவுன்சில் ஆணையிட்டது. 1947 ஏப்ரலில் நீதிபதிகள் ஹாப்பலும் ஷஹாபுத்தீனும் சாட்சியங்களை மறுபடி ஆராய்ந்து, தண்டனையை நீக்கி, இரு கலைஞர்களையும் விடுவித்தனர்.

அதே கொலை, அதே சாட்சிகள், அதே ஆவணங்கள். 1945இல் அவை போதும் என்று தோன்றின. 1947இல் போதா என்று தெளிவாயிற்று. இடையில் மாறியது சான்று அன்று. சான்றை நிறுத்துப் பார்த்த கவனமே மாறியது. இதுவே நாம் இவ்வழக்கிலிருந்து கற்கத்தக்க முதற்பாடம்.

இனி, ஊர்ப் பேச்சுக்கு மீள்வோம். விடுதலைக்குப் பின்னரும் பேச்சு ஓயவில்லை. "விடுவித்தார்கள் சரி, ஆனால் உண்மையில்…" என்று இழுக்கும் குரல் இன்றும் கேட்கிறது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் இதன் வேரைச் சொற்களிலேயே காண்கிறோம். 'விடுதலை' என்ற ஒரே சொல்லால் நாம் பலவற்றைக் குறிக்கிறோம். தண்டனைக் காலம் முடிந்து வெளிவருபவரும் விடுதலை பெறுகிறார். ஜாமீனில் வருபவரும் விடுதலை பெறுகிறார். குற்றம் மெய்ப்பிக்கப்படாமல் வருபவரும் விடுதலை பெறுகிறார். ஆகவே கேட்பவர் மனத்தில், கட்டியிருந்த கயிறு அவிழ்ந்தது என்ற எண்ணம் மட்டும் நிற்கிறது. கட்டியதே முறையன்று என்ற எண்ணம் உதிப்பதில்லை. மறுபுறம், சில ஏடுகள் 'நிரபராதி என்று தீர்ப்பு' என எழுதுகின்றன. நீதிமன்றம் எவருக்கும் ஒழுக்கச் சான்றிதழ் வழங்குவதில்லை. நியாயமான ஐயத்துக்கு இடமின்றிக் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதா என்பது ஒன்றே அதன் கேள்வி. இல்லையெனில், குற்றஞ்சாட்டப்பட்டவர் தம் வீட்டு வாசலில் நிற்கும் நேயரைப் போலவும் நம்மைப் போலவும் சட்டத்தின் முன் குற்றமற்றவரே. அதற்குக் குறைந்த நிலை ஒன்று சட்டத்தில் இல்லை.

மக்களின் அன்பு மட்டும் வழக்கைத் தீர்த்துவிட்டால் என்னாகும் என்பதற்கும் எடுத்துக்காட்டு வேண்டுமாயின், பம்பாய் நேயர்கள் தொலைவில் தேட வேண்டுவதில்லை. 1959ஆம் ஆண்டின் நானாவதி வழக்கில் கடற்படை அதிகாரி ஒருவர் தம் மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்றார். நகரத்து மக்களுள் பலரும் 'பிளிட்ஸ்' வார ஏடும் அவர் பக்கம் நின்றனர். ஜூரியில் எண்மர் அவர் குற்றவாளி அல்லர் என்றனர். ஒருவர் மட்டும் மாறுபட்டார். செஷன்ஸ் நீதிபதி அதை ஏற்க மறுத்து வழக்கை உயர்நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அங்கே ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 1961இல் உச்சநீதிமன்றம் அதனை உறுதி செய்தது. சென்னையில் ஜூரி தண்டித்தவர்களை மேல்நீதிமன்றம் விடுவித்தது. பம்பாயில் ஜூரி விடுவித்தவரை மேல்நீதிமன்றம் தண்டித்தது. இரண்டிலும் மேல்நீதிமன்றம் செய்த வேலை ஒன்றுதான்: ஆரவாரத்தை விலக்கிச் சாட்சியத்தைப் படித்தது. 1974 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தொகுப்பில் ஜூரிக்கு இடமே இல்லாமற்போயிற்று.

ஜூரி போனபின் தவறு போய்விட்டதா? இக்கேள்விக்கு மாட்டுங்கா மக்கள் தம் ரயில் நிலையத்தையே பார்த்து விடை தேட வேண்டியவர்களாயிருக்கின்றனர். 2006 ஜூலை 11ஆம் நாள் மாலை, மேற்கு ரயில்வேயின் புறநகர் வண்டிகளில் முதல் வகுப்புப் பெட்டிகளில் ஏழு குண்டுகள் சில நிமிடங்களுக்குள் வெடித்தன. அவற்றுள் ஒன்று மாட்டுங்கா ரோடு நிலையத்துக்கும் மாஹிமுக்கும் இடையே வெடித்தது. 180க்கும் மேற்பட்டோர் மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். அலுவலகம் சென்றவர் வீடு திரும்பவில்லை என்ற துயரத்தை இந்நகரம் மறக்க இயலாது.

அவ்வழக்கில் 2015ஆம் ஆண்டில் சிறப்பு நீதிமன்றம் பன்னிருவரைக் குற்றவாளிகளெனத் தீர்த்தது. ஐவருக்கு மரண தண்டனை; எழுவருக்கு ஆயுள் தண்டனை. 2025 ஜூலை 21ஆம் நாள் பம்பாய் உயர்நீதிமன்றம் பன்னிருவரின் தண்டனையையும் நீக்கியது. ஒப்புதல் வாக்குமூலங்களும், சாட்சிகள் ஆளை அடையாளங்காட்டிய விதமும், கைப்பற்றியதாகக் கூறப்பட்ட பொருள்களைப் பாதுகாத்த முறையும் நம்பத்தக்கனவாக இல்லை என்று அது கண்டது. மகாராஷ்டிர அரசு உச்சநீதிமன்றத்தை அணுகியது. அத்தீர்ப்பைப் பிற வழக்குகளில் முன்மாதிரியாகக் கொள்ளலாகாது என்று ஜூலை 24ஆம் நாள் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. எனினும் விடுவிக்கப்பட்டோர் சிறைக்குத் திரும்ப வேண்டுவதில்லை என்றும் கூறியது. பன்னிருவருள் ஒருவர் 2021ஆம் ஆண்டிலேயே சிறையில் இறந்துவிட்டார். அவரைப் பொறுத்தவரை விடுதலைத் தீர்ப்பு நான்கு ஆண்டுகள் பிந்தி வந்தது.

இரண்டு வழக்குகளும் ஒன்றல்ல. எனினும் அவற்றின் நடுவில் ஒரே கேள்வி நிற்கிறது. அங்கே அப்ரூவரின் சொல். இங்கே ஒப்புதல் வாக்குமூலம். போலீசாரிடம் சொன்ன வாக்குமூலத்தைச் சான்றாகக் கொள்ளலாகாது என்பது நம் நாட்டின் பொதுச் சட்டம். 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிரத் திட்டமிட்ட குற்றத் தடுப்புச் சட்டம் அதற்கு விலக்கு அளித்து, உயர் போலீஸ் அதிகாரி பதிவு செய்த வாக்குமூலத்தைச் சில நிபந்தனைகளோடு ஏற்கிறது. கொடிய குற்றம் நடந்துவிட்டால் விரைவில் எவரையேனும் தண்டித்தாக வேண்டும் என்ற வேகம் நாட்டில் எழுகிறது. அந்த வேகத்தில்தான் காவல் நிற்கும் விதிகள் தளர்கின்றன. குற்றம் எவ்வளவு கொடிதோ அவ்வளவு கண்டிப்பாகச் சான்றை நிறுக்க வேண்டியிருக்க, மனித இயல்பு அதற்கு நேர்மாறாகவே செல்லுகிறது.

தவறான தண்டனையினால் நேரும் அநீதி ஒன்றன்று, இரண்டு. குற்றம் செய்யாதவர் சிறையில் இருக்கிறார். குற்றம் செய்தவர் வெளியில் இருக்கிறார். லட்சுமிகாந்தன் எத்தகைய பத்திரிகாசிரியராயினும் அவரும் ஓர் உயிர். பெரும் புகழ் வாய்ந்தோர் கூண்டில் நின்றதால் நாடு முழுவதும் அவர்களையே பார்த்தது, கொலையுண்டவரை மறந்தது. ரயிலில் மாண்டவர்களின் குடும்பத்தாரும் பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின், "அவ்வாறாயின் கொன்றவர் யார்?" என்று கேட்கும் நிலைக்கு வந்தனர். அக்கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு விடையாக எவரையேனும் நிறுத்திவிட்டால் போதும் என்பது நியாயமாகாது.

மற்றொன்றையும் எண்ண வேண்டும். கொலைக் குற்றத்துக்கு மரண தண்டனையும் விதிக்கலாம் என்பது 1945ஆம் ஆண்டிலும் சட்டமாக இருந்தது. பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் அதுவே விதிக்கப்பட்டு நிறைவேறியிருந்தால், 1947 ஏப்ரலில் விடுவிக்க எவரும் இருந்திருக்கமாட்டார். இங்கிலாந்தில் அவ்வாறே நடந்தது. 1950இல் டிமதி எவன்ஸ் என்பவர் தம் குழந்தையைக் கொன்றதாகத் தூக்கிலிடப்பட்டார். அவருக்கு எதிராகச் சாட்சி கூறிய அண்டை வீட்டுக்காரரே பல பெண்களைக் கொன்றவர் என்பது 1953இல் வெளியாயிற்று. 1966இல் எவன்ஸுக்கு அரச மன்னிப்பு வழங்கப்பட்டது. மன்னிப்பு ஏட்டில் ஏறிற்று; உயிர் திரும்பவில்லை.

நம் கலைஞர்கள் உயிரோடு திரும்பினர். இழந்ததை முழுவதும் பெறவில்லை. கிருஷ்ணன் 'நல்லதம்பி', 'மணமகள்' முதலிய படங்களால் மீண்டும் மக்களைச் சிரிக்க வைத்தார். எனினும் 1957இல் தம் நாற்பத்தெட்டாம் வயதில் மறைந்தார். பாகவதருக்கு 'ராஜமுக்தி' முதலிய பிற்காலப் படங்கள் பழைய வெற்றியைத் தரவில்லை. 1959 நவம்பர் 1ஆம் நாள், நாற்பத்தொன்பது வயதில் அவரும் காலமானார். ஏறத்தாழ 28 மாதச் சிறைவாசத்துக்கு அரசாங்கம் ஈடு செய்யும் சட்டம் அன்று இல்லை. தவறாகக் குற்றஞ்சாட்டப்பட்டுத் துன்புற்றோருக்கு இழப்பீடு வழங்கத் தனிச்சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2018இல் தன் 277ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. அத்தகைய பொதுச்சட்டம் இன்னும் இயற்றப்படவில்லை.

லண்டன் வரை வழக்கறிஞர் வைத்து வாதாட அக்கலைஞர்களுக்கு வசதியும் துணையும் இருந்தன. தாராவியின் சந்தில் வாழும் தொழிலாளி ஒருவர்மீது இதே குற்றம் சுமத்தப்பட்டால் யார் வாதாடுவர்? 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, காவலில் உள்ள எவரும் வருமானம் எவ்வளவாயினும் இலவச சட்ட உதவி பெற உரிமையுடையவர். மேன்முறையீட்டுக்கும் அவ்வுதவி உண்டு. இதனைச் சிறையில் உற்றார் உடைய குடும்பத்தினர் அவசியம் அறிந்திருத்தல் வேண்டும்.

பொதுமக்கள் வழக்குகளைப் பற்றிப் பேசவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. பேச்சு இருப்பதனால்தான் தவறுகள் வெளிவருகின்றன. இருண்ட மூலையில் கிடக்கும் தீர்ப்பை எவரும் மறுபடி படிப்பதில்லை. ஆயினும் பேசும்போது கேட்கத்தக்க கேள்விகள் மூன்று உண்டு. சாட்சி சொன்னவர் யார்? அவ்வாறு சொல்வதால் அவருக்கு என்ன ஆதாயம்? அவர் சொல்லை விட்டுவிட்டால் எஞ்சி நிற்கும் சான்று எது? மூன்றாம் கேள்விக்கு விடை இல்லையெனில், குற்றஞ்சாட்டப்பட்டவர் நமக்குப் பிடித்த பாடகராயினும், நாம் கண்டு அஞ்சும் மனிதராயினும், நம் தீர்ப்பு ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.